கிளாரன்ஸ் போட்ட பதில்

ரோஜா மாலையோடு வாசலில் நின்றவனைப் பார்த்ததும் கிளாரன்ஸ் பாதி திறந்த கதவை அப்படியே பிடித்துக்கொண்டான்.

“சார், நான்தான் ப்ரஹ்லாத். உங்க படத்தை ரிவ்யூ பண்ணவன். உங்க எடிட்டர்கிட்ட கெஞ்சி அட்ரஸ் வாங்கினேன். அம்மா போட்டோவுக்கு இதப் போட்டு ஒரு சாரி சொல்லிட்டுப் போயிடறேன்.”

ஊரின் அந்தப் பக்கத்து ஈஜிபுராவிலிருந்து பஸ் மாறி, லிங்கராஜபுரத்துச் சந்தெல்லாம் விசாரித்து வந்திருக்கிறான். உள்ளே கூப்பிடாமல் இருக்க முடியவில்லை. யூடியூபில் அவ்வளவு வாயடித்த ஆள், நேரில் சோபா நுனியில் ஒடுங்கி உட்கார்ந்தான்.

விஷயம் இதுதான். கிளாரன்ஸ் இயக்கிய முதல் படத்தில், மகனின் மடியில் தாய் உயிரை விடும் காட்சி ஒன்று வரும். ‘அம்மாவப் பறிகொடுத்தவன் எடுத்த சீன் மாதிரியே இல்லையே’ என்று ப்ரஹ்லாத் தன் சேனலில் சொல்லிவிட்டான்.

தயாரிப்பாளர் சுனில் தலையில் அடித்துக்கொண்டார். “பதில் போடாதப்பா. ரெண்டு நாள் கத்திட்டு அவங்களே அடங்கிடுவாங்க. நீ வாயைத் தொறந்தா அப்புறம் நிறுத்தவே முடியாது.”

கேட்டானா? ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ‘ஆஸ்பத்திரி வராந்தாவில் என் அம்மாவின் கை என் கைக்குள் சில்லிட்டுப் போனது. அதைத்தான் எடுத்தேன். தாயின் சாவுக்கும் மார்க் போடுவீர்களா?’ என்று ஃபேஸ்புக்கில் எழுதிவிட்டான்.

ஊரே அழுதது. தியேட்டரிலிருந்து தூக்க இருந்த படம் இன்னொரு வாரம் ஓடியது. அழுது முடித்தவர்கள் ப்ரஹ்லாத்தைத் தேடிப் போய்க் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

“ஆபீசுக்கே மெயில் போட்டுட்டாங்க சார். ஹெச்.ஆர். கூப்பிட்டு விசாரிச்சாங்க. அதுகூடப் பரவால்ல.” ப்ரஹ்லாத்தின் குரல் உடைந்தது. “ஆம்பூர்ல எங்கம்மா என்கிட்ட பேசறதில்ல. செத்துப்போன பொம்பளையப் போய் இப்படிப் பேசுவியா, இதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்னு போனை வெச்சுட்டாங்க.”

கிளாரன்ஸ் சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டான்.

“சாயங்காலம் மன்னிப்பு வீடியோ போட்டுட்டு சேனலை மூடிடறேன் சார். ஆசை ஆசையா ஆரம்பிச்சது. பரவால்ல. இனிமே எந்தப் படத்தைப் பத்தியும் வாயைத் தொறக்க மாட்டேன்.”

ஆத்திரத்தில் நாலு வரி எழுதி, ஒருத்தன் பிழைப்பிலும் வீட்டிலும் சேர்த்து மண்ணைப் போட்டுவிட்டோமே என்று கிளாரன்ஸ் உள்ளுக்குள் குறுகினான். ‘மூடாதே’ என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அதற்குள் சமையலறையிலிருந்து பெட்டி அம்மாள் ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி காபியோடு வந்தாள். ப்ரஹ்லாத் சட்டென்று எழுந்து நின்றான்.

“ஆன்ட்டி, நீங்க...?”

“இவனுக்குச் சின்னம்மாப்பா. அவளோட தங்கச்சி” என்றாள் பெட்டி அம்மாள், கிளாரன்ஸ் பக்கம் திரும்பாமலே. “நீ பேசினதெல்லாம் உள்ள கேட்டுச்சு. பேஜார் பண்ணிக்காதே, உக்காரு.”

“அம்மா போட்டோ எங்க ஆன்ட்டி?”

“போட்டோன்னாலே அவளுக்கு ஆகாதுப்பா.”

“கடைசில ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?”

“அவளுக்கென்ன, முட்டிவலிதான் உசிர வாங்கும்” என்று ஆரம்பித்தவள் ஒரு கணம் நிறுத்தினாள். “மத்தபடி ஒரு குறையும் கிடையாது. இவன் பேர் பேப்பர்ல வரணும், அது ஒண்ணுதான் அவளுக்கு ஆசை.”

கிளாரன்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

ப்ரஹ்லாத் காபியைக் குடித்தான். மாலையை டீப்பாய்மேல் பதமாக வைத்துவிட்டு, பெட்டி அம்மாளைக் கும்பிட்டான். வாசலில் செருப்பை மாட்டும்போது, “நீங்க பதில் போட்டது கரெக்டுதான் சார். தப்பெல்லாம் என்மேலதான்” என்றான். அதற்குப் பதில் தன் கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது கிளாரன்ஸுக்கு.

அவன் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. பெட்டி அம்மாள் காபி டம்ளரை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

“அந்தப் பையன் அப்படி என்னதான்டா சொன்னான், உன் படத்தைப் பத்தி?”

கிளாரன்ஸ் முணுமுணுத்தான். “அம்மாவப் பறிகொடுத்தவன் எடுத்த மாதிரி இல்லன்னு.”

“உள்ளதைத்தானே சொல்லியிருக்கான்?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது. கோபம்கூட இல்லை அதில், அதுதான் அவனை இன்னும் கொன்றது.

“ஓடு, பஸ் ஏறறதுக்குள்ள அவனைக் கூட்டிட்டு வா. நான் சாகலன்னு நானே சொல்றேன்.”