ஐந்தாவது பொட்டு

திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டு அலுவலகத்தில் ஆயுத பூஜை. போன வருடம் ஐந்து கம்ப்யூட்டர்கள் இருந்த மேசையில் இப்போது ஒரே கறுப்புப் பெட்டி. அந்த ஐந்தும் இப்போது அதற்குள்ளேயே மெய்நிகர் கம்ப்யூட்டர்களாக ஓடுகின்றன. அவற்றை மேய்க்கும் மென்பொருளைக் காலையில் புதுப்பித்த சித்தார்த், அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்க்கிறான். திரையில் நான்கு பெயர்கள் பச்சையாக எரிகின்றன. லாரிகளை எடைபோடும் எடைமேடையின் பெயர் மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கிறது, தொடர்பு இல்லையாம். அலுவலகம் பெருக்கும் கெங்கம்மா பச்சையாக எரியும் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாகப் பெட்டியின் மேல் நான்கு சந்தனப் பொட்டு வைத்துவிட்டு நிமிர்கிறாள். "எடமேடை உள்ள கீதா, இல்லியா நைனா?" "தெர்லக்கா. இல்லன்னுதான் காட்டுது." "அப்போ அது இன்னா சத்தம்?" ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி மேடையில் ஏறி நிற்க, எடைச்சீட்டு அச்சாகும் கிரீச்சொலி தெளிவாகக் கேட்கிறது. திரையோ, எடைமேடையை மறுபடி தொடங்கட்டுமா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. செத்திருந்தால் பிழைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருந்தால் அவனே கழுத்தை நெரித்ததாகிவிடும். எண்ணூர் ரோடு வரைக்கும் லாரிகள் காத்திருக்கின்றன. "சீக்கிரம் சொல்லு, சந்தனம் காயுது," என்கிறாள் கெங்கம்மா. அவள் விரல் பெட்டிக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. அவன் விரல் மவுஸின் மேல். வெளியே அடுத்த சீட்டு கிரீச்சிடுகிறது.