தலை மடங்கும் கேமரா

"குளியலறைக் குழாய் அடைச்சிருக்கு முதலாளி. உள்ளே விட்டுப் பாக்குற கேமரா வேணும்," என்றான் கிருஷ்ணராஜ்.

பதுளைக் கடைக்காரர் ராமநாதன் மலிவானதை எடுத்து வைத்தார்.

"தலை பின்னால மடங்குறது இல்லீங்களா?"

"இருக்கு. விலை ரெண்டு மடங்கு. அடைப்புக்கு அது எதுக்கு தம்பி?"

"இருந்தா நல்லதுதானே. ஆனா, இந்த விலைக்கே குடுங்க."

ராமநாதன் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு மறுபேச்சில்லாமல் மடங்குவதையே மலிவு விலைக்குக் கட்டிக்கொடுத்தார். பேரத்தில் ஜெயித்த பூரிப்போடு கிருஷ்ணராஜ் படியிறங்கினான்.

"தம்பி, எஞ்சினுக்குள்ள தலையை மடக்கி வால்வையெல்லாம் நல்லா பாருங்க."

திரும்பியவன் முகத்தில் அசடு வழிந்தது.

"பிளேன் மெக்கானிக்னு சொன்னா விலையை ஏத்திருவேன்னு பயந்தீங்களாக்கும். ஏத்தியிருப்பேன்தான். ஆனா, நீங்க ரிப்பேர் பாக்குற பிளேன்லதானே என் மக ஓட்டப் பழகுது. புள்ள அனுப்புற படத்துலயெல்லாம் பின்னால நிக்கிறது நீங்கதான்."