சேற்று முதலைகள்

கம்போன் தன் பிக்கப் வண்டியின் உயரப் படியில் வலது காலைத் தூக்கிக் கம்பீரமாக வைத்துக்கொண்டார்.

எதிரே சாலை வெள்ளத்துக்குள் இறங்கிக் காணாமல் போயிருந்தது. அக்கரை மேட்டு வீட்டில், வண்டி அலங்காரக் கடை வைத்திருக்கும் தாவினின் மனைவி மாலிக்குக் காலையிலிருந்து பிரசவ வலி. மீட்புப் படகு வர இன்னும் மூன்று மணி நேரம் ஆகுமாம்.

இக்கரையில் ‘சேற்று முதலைகள்’ சங்கத்தின் ஆறு பிக்கப்புகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் கூரைமேல் விளக்குப் பட்டை, முன்னால் இரும்புக் கம்பி, பானட் ஓரத்திலிருந்து கூரை வரை ஏறும் கறுப்பு மூச்சுக்குழாய். சங்கத்தை ஆரம்பித்தவரே கம்போன்தான்.

“போப்பா! பானட் முங்கினாலும் இன்ஜின் மேல வழியா மூச்சு வாங்கும்னு விகாரைத் திருவிழாவுல மைக் புடிச்சுச் சொன்னியே?” என்றார் ஊர்த்தலைவர் சம்ரான்.

சொன்னது உண்மைதான். மூன்று தடவை சொன்னார்.

குழாய்களை மாட்டியது தாவின். ஆறு பேரும் ஆளுக்கொரு நாள் தனியாகப் போய் மாட்டிக்கொண்டு வந்தார்கள். “புது வண்டி தம்பி, உடம்புல எங்கயும் ஒரு ஓட்டை விழக் கூடாது, ஆமா!” என்று கம்போன் கூடவே நின்று வேலை வாங்கியிருந்தார்.

“தண்ணி இழுப்பு ஜாஸ்தியா இருக்கு தலைவரே. பிரீச்சா போகட்டும், நல்லா ஓட்டுவான்,” என்றார் கம்போன் இப்போது.

“அண்ணன் நிக்கும்போது நான் முந்துறதா? மரியாதை இல்லையே,” என்ற பிரீச்சா, அவசரமாகத் தன் பிக்கப்பின் டயரை உதைத்துப் பார்த்தார். அடுத்தவர் கைப்பேசியில் சிக்னல் தேடினார். இன்னொருவர் குனிந்து, அவிழாத ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினார்.

“நான் போயிட்டு வந்துடுறேனே,” என்றார் மரவள்ளித் தோட்டத்துப் புவா அக்கா. அவருடைய துருப்பிடித்த டிராக்டரில் நிமிர்ந்து நின்ற காற்றுக்குழாய்மேல் மழைக்காக ஒரு பால் டின் கவிழ்த்திருந்தது.

“பால் டின் வண்டியிலயா? புள்ளத்தாச்சிய மழையில நனைச்சுக் கூட்டியாரப் போறீங்களா?” என்று சிரித்தார் பிரீச்சா. ஊர்த்தலைவரும் அதை ஆமோதித்தார்.

“நனையுறது இருக்கட்டும். இந்தக் குளிர்லயும் கம்போனுக்கு ஏன்டா இப்படி வேர்க்குது?” என்றார் புவா அக்கா.

ஊர்த்தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. “பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லித் தொலையேன்!”

கம்போன் தரையைப் பார்த்தார். “ஆமா தலைவரே, பயமாத்தான் இருக்கு.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பயந்தாங்கொள்ளிப் பட்டமே தேவலை என்று அவரும் அதை வாங்கிக்கொண்டார். ஆனால், கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அவருடைய மகள் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டதைப் பார்த்ததும் காது மடல்கள் எரிந்தன.

வண்டியில் ஏறினார். முன்னால் ஒட்டியிருந்த சின்னப் புத்தரைக் கும்பிட்டுவிட்டு இன்ஜினை உயிர்ப்பித்தார். முன் சக்கரங்கள் தண்ணீரைத் தொட்டன. கைதட்டல் எழுந்தது, குடையும் நிமிர்ந்தது.

ஊர்த்தலைவர் எல்லோருக்கும் கேட்கும்படி கைப்பேசியின் ஒலியைக் கூட்டிக்கொண்டார். “தாவின், கவலைய விடு! கம்போன் இறங்கிட்டான். பின்னாலயே மத்த அஞ்சு பேரையும் அனுப்புறேன். எல்லாம் நீ குழாய் மாட்டின வண்டிங்கதான்!”

மறுமுனையில் ஒரு கணம் மாலியின் முனகல் மட்டும் கேட்டது. பிறகு தாவின் அலறினார்.

“ஐயையோ, புவா அக்காவை அனுப்புங்க தலைவரே... அந்த ஆறு குழாயும் ஓட்டை போடாம, அழகுக்கு நான் சும்மா டேப் போட்டு ஒட்டினது!”