மொட்டை மாடியில் ஒரு குழாய்

"இந்த மாசத்தோட வீட்டைக் காலி பண்ணிரும்வே!"

தவசிமுத்து மாடிப்படியில் நின்று போட்ட சத்தத்தில், கீழே அவருடைய கருப்பட்டிக் கடைக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

குடித்தனக்காரன் ஜெயவேல், ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த சூட்டுக்கோலை வைத்துவிட்டு எழுந்தான். பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. லீவு நாளெல்லாம் ஆம்ப்ளிபயர்தான். பட்டாளத்தில் கழித்துப்போட்ட ரேடியோ வால்வுகளை மூர் மார்க்கெட்டில் பொறுக்கிவந்து, வீட்டுத் தரையில் பரப்பிக் கட்டிக்கொண்டிருந்தான்.

"கோச்சுக்காதீங்க அண்ணாச்சி. எரைச்சல் ஒண்ணுதான் பாக்கி கீது. அது அடங்கிச்சுன்னா பாட்டு சோக்கா வரும்."

"ஒருநாள் கீய்ங்குது, ஒருநாள் உர்ருங்குது. யாவாரி பேசுதது காதுல விழமாட்டேங்கு! எனக்குப் பாட்டும் வேண்டாம், கூத்தும் வேண்டாம்."

பின்னால் வந்த அவர் மனைவி ஞானபாக்கியம் மெல்லச் சொன்னாள். "ஆசைக்குச் செய்யுதாரு, விடுங்களேன்."

"நீ சும்மா கெட. பெரிய சங்கீதம் கண்டவ!"

அடுத்த சனிக்கிழமை தவசிமுத்து சரக்கு எடுக்கக் கொத்தவால் சாவடிக்குப் போனார். வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. தண்டையார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், தெருமுனையில் கூட்டம். மீன்காரி குப்பம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு நிற்கிறாள். சவாரியோடு வந்த ரிக்‌ஷாக்காரர்கூட வண்டியை நிறுத்தியிருக்கிறார்.

அவர் வீட்டு மொட்டை மாடியில் ஜெயவேல் கட்டியிருந்த ஸ்பீக்கர் குழாயிலிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது.

கீச்சு இல்லை, உறுமல் இல்லை. ஒரு பெண்குரல் கீர்த்தனை பாடியது. உருகி உருகிப் பாடியது.

"இன்னா கொரலு பாரு நைனா! அப்படியே இஸ்துகினு போவுது!" என்றாள் குப்பம்மா.

தவசிமுத்துவும் தலையை ஆட்டினார். பாட்டு முடிந்ததும் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடி ஏறினார்.

அவரைக் கண்டதும் ஜெயவேல் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். "அண்ணாச்சி, மாசக் கடைசி வரிக்கும் கொஞ்சம்..."

"காலியும் பண்ண வேண்டாம், ஒண்ணும் பண்ண வேண்டாம். அந்தப் பாட்டுப் பிளேட்டை இன்னொருக்கா போடும்வே! பாடுதது யாரு? இப்படி ஒரு கொரலை நான் சென்மத்துல கேட்டதில்ல!"

"பிளேட்டு இல்ல அண்ணாச்சி."

தயங்கியபடி விலகினான்.

உள்ளே மைக்கின் முன்னால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஞானபாக்கியம்.

தவசிமுத்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏட்டி... நீயா? இத்தனை வருசமா ஏன் எனக்குப் பாடிக் காட்டல?"

பயந்துபோயிருந்தவள் புருஷன் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தாள். முந்தானை தானாக இறங்கியது. சிரிப்பு வந்துவிட்டது.

"காட்டினேனே! கல்யாணமான மறுநாளே அடுப்படியில பாடினேன். 'அங்க என்ன எரைச்சல்?'னு நீங்கதான் அதட்டினிய!"

ஜெயவேல் மைக்கை அணைத்திருக்கவில்லை. அவள் சொன்னதைக் குழாய் தெருக்கோடி வரைக்கும் சொல்லிவிட்டது. கீழே கூட்டம் கொல்லென்று சிரித்தது.

தவசிமுத்து மைக்குக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இப்பப் பாடு. நான் வாயைத் திறக்கல."