செயின் சத்தம்

தங்கேஸ்வரி மண்ணெண்ணெய்ப் போத்தலும் பழைய பல் பிரஸ்ஸுமாக வாசலில் வந்து நின்றதும் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வில்வராஜுக்கு எரிச்சலாக இருந்தது. பைக்கைத் தன்னிடம் விற்ற பிறகும் இவளுக்கு என்ன உரிமை?

“ஐயா, செயின் ரொம்பச் சத்தம் போடுது. கழுவி எண்ணெய் போட்டுத் தரட்டுங்களா?”

“வாங்கும்போதே அப்படித்தானே இருந்துச்சு? ஓடுற வரைக்கும் ஓடட்டும்.”

“நானே செய்றேங்க. எண்ணெயும் கஹவத்தை டவுன்ல வாங்கிட்டு வந்துட்டேன்.”

அவர் தடுக்கவில்லை. அவள் பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தை மெல்லச் சுற்றிச் சுற்றி, செயினில் அப்பியிருந்த சேற்றையெல்லாம் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். துணியால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு கண்ணியிலும் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டாள். கடைசியாகச் சக்கரத்தைச் சுழற்றிக் காது கொடுத்துக் கேட்டாள். சத்தமே இல்லை. அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

“இவ்வளவு ஆசை இருந்தா ஏம்மா வித்த?”

“ஆசை இல்லீங்க. எத்தனையோ பைக் போகுது. ஆனா சாயங்காலம் நீங்க எங்க லயத்து வீட்டைத் தாண்டுறப்ப, இந்தச் செயின் சத்தம் கேட்டா மட்டும் பாப்பா ‘அப்பா வந்துட்டாரு’ன்னு வாசலுக்கு ஓடியாறா. அப்புறம் அழுதழுது தூங்குறா. அவரு செத்து மூணு மாசமாகுது. மூணு வயசுப் புள்ளைகிட்ட அதை எப்படிங்க சொல்றது?”

அன்று சாயங்காலம் வில்வராஜின் பைக் செயின் சத்தமில்லாமல் லயத்தைத் தாண்டியது. யாரும் ஓடிவரவில்லை.

குழந்தை முன்னமே வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது. அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் அவர் வந்த பாதையையே பார்த்துக்கொண்டிருந்தது.