தேக்குக்குக் கிடைத்த முதலிடம்

காட்டுக்கு மேலே ஒரு குட்டி விமானம் வந்து, லேசர் ஒளியைப் பாய்ச்சி மர உச்சிகளை அளந்துகொண்டிருந்தது. யாருக்கு அடர்த்தி அதிகம் என்று பார்க்கிறார்களாம் எனக் கேள்விப்பட்டதும் தேக்கு மரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. காய்ந்த சுள்ளியைக்கூட உதிர்க்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பட்டுப்போன கொடிகளையும் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டு போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றது.

வேலை முடிந்து விமானம் திரும்பும்போது, "தம்பி, நான் எத்தனையாவது?" என்று தேக்கு கேட்டது.

"நீங்கதான் அண்ணே முதலிடம்."

தேக்கு பூரித்துப்போனது. "எதுல?"

"காட்டுத்தீ வந்தா யாரு நல்லா எரிவாங்கன்னு கணக்கெடுத்தோம்."

விமானம் கிளம்பப் பார்க்கையில், தேக்கு குரலைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாகக் கேட்டது:

"பக்கத்துல நிக்குதே வேங்கை மரம், அதுக்கு எத்தனையாவது இடம்?"