ஆம்பளைக்கு இடது கை

"இது வலது கை," என்றார் வேதசிரோமணி.

கன்னியம்மா நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருந்தது.

வேதசிரோமணி தாம்பரத்தில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவர். அடுத்தவர் கட்டைவிரலைப் பார்த்துப் பார்த்தே கண்ணாடி போட்டுக்கொண்டவர். விண்ணப்பத்தின் அடியில் இருந்த நீல ரேகையைப் பேனா முனையால் தட்டினார்.

"பொம்பளைக்குத்தாம்மா வலது கை. ஆம்பளைக்கு இடது கை. உன் வீட்டுக்காரருக்கு யாரும் சொல்லலியா?"

கன்னியம்மாவுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் அம்மா எங்கே போனாலும் வலது கையைத்தான் நீட்டுவாள். உலகத்துக்கே அந்தக் கைதான் என்று இவளும் இருந்துவிட்டாள்.

ரேகைக்கு மேலே அவளுடைய கையெழுத்து இருந்தது. எட்டாவது வரை படித்த கையெழுத்து. அது மட்டும் போதும் என்றால் போன வாரமே கிரைண்டர் வீட்டுக்கு வந்திருக்கும்.

இரும்புலியூரில் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போகும் பெண்கள் நாற்பது பேர் அவளிடம் மாவு கேட்கிறார்கள். ஆட்டுக்கல்லில் பன்னிரண்டு பேருக்குத்தான் முடிகிறது.

ஆனால் ஃபாரத்தில் புருஷனுடைய சம்மதம் வேண்டும். அல்லது புருஷன் வீட்டு ஆண் ஒருவருடைய சம்மதம்.

கொழுந்தன் ஜெயவேலு உடனே சம்மதித்தான். கிரைண்டர் தன் வீட்டில் இருக்கட்டும், வியாபாரத்தைத் தன் பெண்டாட்டி பார்த்துக்கொள்வாள், அண்ணி தினமும் வந்து அரைத்துக் கொடுத்தால் போதும் என்றான்.

அதனால்தான் இந்த ரேகை.

"நீ கையெழுத்து போடற. அவரு கைநாட்டா?"

"சுண்ணாம்பு அடிக்கிறவரு சார். 'விளம்பரம் செய்யாதே'ன்னு எழுதிக்கீற செவுத்துல அந்த எழுத்து மேலயே அடிச்சிட்டு வந்து நிப்பாரு."

வேதசிரோமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாற்காலியில் அது அடிக்கடி நடப்பதில்லை.

"இப்ப எங்க இருக்காரு?"

"கீழதான் கீறாரு சார். காலு நோவு. படி ஏற மாட்டாரு."

அவர் பழைய ரேகையின் மேல் ஒரு கோடு போட்டார். இங்க் பேடை அவள் பக்கம் தள்ளினார்.

"இதை எடுத்துட்டுப் போ. பக்கத்துலயே போடச் சொல்லு. இடது கை."

கன்னியம்மா படி இறங்கினாள்.

கீழே நாலு சைக்கிள்கள் நின்றன. ஒரு நாய் படுத்திருந்தது.

வேலை முடிந்தபிறகும் அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். வீட்டுக்காரர் எதையும் சட்டென்று செய்கிறவர் இல்லை.

மறுபடி ஏறி வந்தபோது இடது கை முந்தானைக்குள் இருந்தது. வலது கையால் ஃபாரத்தையும் பேடையும் வைத்தாள்.

வேதசிரோமணி புது ரேகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடு போட்ட ரேகையையும் பார்த்தார். இரண்டும் ஒரே அளவில், சின்னதாக இருந்தன.

முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டார்.

"கீழ நிக்கிறாரா, போயிட்டாரா?"

"போயிட்டாரு சார்."

"எப்போ?"

நாலு மாதமாக, பார்க்கிறவர்கள் எல்லாம் இந்த ஒரு வார்த்தையைத்தான் அவளிடம் கேட்டிருந்தார்கள். யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"மாசி மாசம் சார்."

மேலே மின்விசிறி சுற்றியது. பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். கன்னியம்மா பொட்டைத் தொடவில்லை.

வேதசிரோமணி ஈரமாக இருந்த ரேகையின் மேல் ஒற்றுத் தாளை வைத்து, எதுவும் கலையாமல் மெல்ல அழுத்தினார்.

"மாசமெல்லாம் ஃபாரத்துல கேக்கலம்மா," என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.